பரண் ரேடியோ

காட்டுமாட்டுக்குப் பாட்டு ஆகாது என்பது நல்லசாமியின் கட்சி. பேச்சுத்தான் ஆகும். அதுவும் ஆம்பிளைப் பேச்சாக இருக்க வேண்டும், சிரிப்புக் கிரிப்பு இல்லாமல் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தி வாசிக்கிறவர், மழை வருமா வராதா என்று சொல்கிறவர், எந்தப் பயிருக்கு எப்போது உரம் வைப்பது என்று பாடம் நடத்துகிற விவசாய ஆபீசர், இவர்கள் குரல் கேட்டால் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று மாடு சோலைக்காட்டுக்குள்ளேயே நின்றுவிடுமாம். பாட்டுப் போட்டால் முதல் நாள் மிரளும், மறுநாள் காதை ஆட்டும், அதற்கடுத்த நாள் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி குஞ்சு குளுவானோடு வந்து இறங்கிவிடும். இதை அவர் மஞ்சம்பாறையில் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துப் பேசுவார்.

பூண்டு வாடைக்கு மாடு வாய் வைக்காதே என்று கீழே ஒட்டன்சத்திரத்து மண்டிக்காரர்கள் கேட்பார்கள். வாய் வைக்காதுதான், கால் வைக்குமே. மேல்தட்டில் போட்டிருக்கும் காரட்டுக்குப் போகிற வழியில் பூண்டுப் பாத்தியைத் துவைத்துவிட்டுப் போகும். சோலார் வேலி போட்டவன் காட்டில் சுரீரென்று வாங்கிய மாடு, வேலி இல்லாதவன் காடு எது என்று தேடிக்கொண்டு வருகிறது. நல்லசாமிக்கு வேலி இல்லை. காவல் பரண் இருக்கிறது, பரணில் ரேடியோ இருக்கிறது. கன்னிவாடியில் மைக் செட் கட்டுகிற ஒருவரிடம் கெஞ்சி, திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் பழசு ஒன்றை வாங்கி வந்து, அதை ரேடியோவோடு கோத்து பைக் பேட்டரியில் ஓட விட்டிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் சின்னக்கருப்பன் காடு வரைக்கும் கேட்கும்.

வீட்டில் ரேடியோ கிடையாது, வைத்தாலும் பாடாது. ரேடியோ டவர் நிற்பது என்னவோ எங்கள் கொடைக்கானல் மலையில்தான். மதுரைக்காரனும் தேனிக்காரனும் கணீரென்று கேட்கிறார்கள். மலை மடிப்புக்குள் கிடக்கிற மஞ்சம்பாறை வீடுகளுக்குக் கரகரப்புத்தான் மிச்சம். விளக்குக்கு அடியில் இருட்டு என்பார்களே, அதுதான். மேட்டில் இருக்கிற பரணுக்கு ஏறிப் போனால் தெளிவாக எடுக்கும்.

ஆக அந்த வீட்டின் ஒரே ரேடியோ மாட்டுக்கு என்று நேர்ந்துவிட்டதாகவே இருந்தது. ஜெரால்டு வந்து அந்தச் செய்தியைச் சொல்லும் வரைக்கும் நல்லசாமியின் மனைவி சின்னத்தாயிக்கு அதில் மனக்குறை எதுவும் இருந்ததில்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானம். விடியற்காலை விழுந்த உறைபனியின் ஈரம் ஓட்டின் நிழல் பக்கத்தில் இன்னும் காயாமல் கிடந்தது. திங்கட்கிழமை பூண்டு பிடுங்க வேண்டும். கட்டுக் கட்டுவதற்கு வாசலில் உட்கார்ந்து கற்றாழை நார் கிழித்துக்கொண்டிருந்தாள் சின்னத்தாயி. பைக்கை நிறுத்திவிட்டு ஜெரால்டு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தான்.

அட்டுவம்பட்டிப் பையன் அவன். அப்பா ஆரோக்கியதாஸ் ஒரு பள்ளிக்கூட மெஸ்ஸில் சமையல்காரர். ஜெரால்டு பகலெல்லாம் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து சாவி கொடுப்பான், மற்ற நேரம் கிட்டார். சின்னத்தாயியின் ஒரே மகன் பிரசாந்தோடு ஒன்றாகப் படித்தவன். இவர்கள் இருவர், கீபோர்டுக்கு ஷைலா, டிரம்ஸுக்கு பென்சன் என்று நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். பேண்டின் பெயர் 'கடைசி பஸ்'. பாட்டு சூடு பிடிக்கிற நேரம் பார்த்து பிரசாந்து மேல்மலைக்குக் கடைசி பஸ் போயிரும் என்று எழுந்து ஓடுவான். மற்ற மூவரும் கேலி செய்து கேலி செய்து அதுவே பெயராக நின்றுவிட்டது.

"அம்மா, ஒரு குட் நியூஸ். உக்காருங்க."

"உக்காந்துதான தம்பி இருக்கேன். நீ மொதல்ல அந்தத் தொப்பியக் கழத்து."

"நாளைக்கு நம்ம பாட்டு ரேடியோல வருதும்மா. லோக்கல் இல்ல, நேஷனல். டெல்லில இருந்து போடுறாங்க, இந்தியா பூராம் ஒரே நேரத்துல கேக்கும். புது பேண்டா பாத்து செலக்ட் பண்ற ப்ரோக்ராம். தமிழ்ல நம்ம பாட்டு மட்டுந்தான்."

"பாடுறது யாரு?"

"என்னம்மா இப்பிடிக் கேக்குறீங்க? பிரசாந்துதான்."

அவள் கை நாரோடு அப்படியே நின்றது. பிறகு அவள் கேட்டது பாட்டைப் பற்றி இல்லை.

"நீ அவனப் பாத்தியா?"

"ரெக்கார்டிங்குக்கு பெங்களூரு போனோம்ல, ஒரு வாரம் அவன் ரூம்லதான் இருந்தேன்."

"எளச்சிட்டானா?"

"கொஞ்சம். பகல்ல பார்சல் டெலிவரி பண்றான்ல, அலைச்சல்."

"சோறு பொங்கித் திங்கிறானா, கடையிலயா?"

"பொங்குறான்மா. நம்ம பூண்டு கேட்டான். அங்க கெடைக்குறது தண்ணியா இருக்காம், ஒரு காரமும் இல்லையாம்."

சின்னத்தாயி எழுந்து உள்ளே போனாள். அடுப்படியில் எதையோ தேடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைத்திருந்தாள், கையில் புகையில் காய்ந்த பழைய பூண்டு ஒரு கொத்து இருந்தது. அதை ஜெரால்டின் தோள்பைக்குள் திணித்தாள்.

"ஏந்தம்பி, ஒம் போன்ல அந்தப் பாட்டு இருக்குமே. செத்த போடேன், கேப்போம்."

ஜெரால்டு தலையைச் சொறிந்தான். "இருக்கும்மா. போடக் கூடாதுன்னுட்டான். நான் எவ்வளவோ சொன்னேன், அம்மா ஆசப்படுவாங்கடான்னு. ரேடியோலதான் கேக்கணுமாம். அதும் வீட்ல வச்சு இல்லியாம். பரண்ல வச்சுக் கேக்கணுமாம்."

"அவுக அப்பா கேக்கணும்னு சொன்னானா?"

"அப்பான்னு வாயத் தொறக்கலம்மா. பரண்ல வச்சுக் கேக்கணும்னு மட்டுந்தான் சொன்னான். பரண்ல வேற யாரும்மா இருக்கா?"

நல்லசாமி மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். கேப்பைக் களியும் பட்டாணிக் குழம்பும். சின்னத்தாயி ஜெரால்டின் தட்டையும் பக்கத்தில் வைத்தாள். பையன் களியை விழுங்கத் தெரியாமல் மென்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான். அவர் கேட்டாரா கேட்கவில்லையா என்று முகத்தில் தெரியவில்லை. குழம்பை இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அதுல பேச்சு எம்புட்டு, பாட்டு எம்புட்டு?"

"பாட்டு ப்ரோக்ராம்ப்பா. பேச்சு கொஞ்சந்தான், அதும் இந்தில."

"அப்ப ஆகாது."

"அப்பா, நேஷனல்..."

"மாட்டுக்கு அதெல்லாந் தெரியாது தம்பி."

ஜெரால்டு வேறு வழியில் நுழைந்து பார்த்தான். "திங்கக்கெழம பூண்டு புடுங்க ஆளு இருக்காப்பா? இல்லன்னா நான் வேணா லீவு போட்டு... அவங்கிட்டயும் சொன்னா..."

"ஆளு கெடக்கு. யாரும் வர வேண்டியதில்ல."

கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இவ்வளவு பிடிவாதத்துக்கு என்ன காரணம் என்றால், அதற்கு மேல்மலைக் காவலின் முறை தெரிய வேண்டும். ராத்திரியில் ஒரு காட்டுக்காரன் பரணில் இருந்து குரல் கொடுப்பான். அடுத்த காட்டுக்காரன் எதிர்க்குரல் கொடுக்க வேண்டும். அது வந்ததும் முதல் ஆள் 'ஹோ, ஹோ' என்று குட்டையாக இரண்டு தரம் சொல்லி முடிப்பான், கேட்டுவிட்டது என்று அர்த்தம். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு குரல். எதிர்க்குரல் வரவில்லை என்றால் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று டார்ச்சும் கம்புமாக ஓடுவார்கள். வேண்டுமென்றே கொடுக்காமல் இருக்கிறவன் எங்கள் மலையில் இல்லை. நல்லசாமிக்கும் சின்னக்கருப்பனுக்கும் ஓடைத் தண்ணீர்த் தகராறில் பேச்சு நின்று எத்தனையோ வருசம் ஆகிறது, எதிரே வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனால் ராத்திரி ஒருத்தர் குரலுக்கு மற்றவர் பதில் கொடுக்காத நாள் கிடையாது.

பிரசாந்துக்கு அப்பாவின் குரல் அப்படியே வந்திருந்தது. இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு உடைசல் உடையும். பரணில் நின்று அவன் குரல் கொடுத்தால் சின்னக்கருப்பனே அப்பனா மகனா என்று தடுமாறுவான். பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலுக்காகத்தான் அவனைப் பாட்டுக் குழுவில் இழுத்துப் போட்டார்கள்.

இரண்டு வருசத்துக்கு முந்தின மாசியில் மதுரையில் ஒரு போட்டி. நாலு பேரும் சேர்ந்து வாங்கிய ஸ்பீக்கர் பெட்டியில் ஏதோ ஒயர் விட்டுப்போக, பிரசாந்து அதைச் சரி பண்ணக் கடைசி பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். சரி பண்ணிவிட்டுத் தூங்கிப்போனான். அன்றைக்கு மாடு கூட்டமாக இறங்கும் என்று பேச்சாக இருந்தது. நல்லசாமி அந்தப் பெட்டியைப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை, தலையில் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுக்குப் போய் ரேடியோவோடு மாட்டிவிட்டார். செய்தி வாசிக்கிறவர் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்ததாம். இப்படி ஒரு சாமான் இருப்பது தெரியாமல் இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினோமே என்று அவருக்கு ஒரே சந்தோசம். பின்பக்கத்துச் சரிவு வழியாக இறங்கிய மாட்டை அவர் பார்க்கவில்லை. கம்பத்தோடு பெட்டியைத் தள்ளி ஏறி மிதித்துவிட்டுப் போயிற்று. மிச்சத்தைத் தூறல் பார்த்துக்கொண்டது.

"கேட்டுருக்கலாம்லப்பா" என்று மட்டும்தான் பிரசாந்து சொன்னான். தப்புச் செய்தவனுக்குத்தானே கோபம் அதிகம் வரும். "நீ கத்துறதுக்கு மாடு கத்துறது தேவல" என்றுவிட்டார் நல்லசாமி.

விடிந்ததும் அவன் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டான். ஊரைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு, நல்லசாமி காட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. காரட் லாரிக்கு வழிவிட பஸ் அங்கே நின்றது. பிரசாந்து இறங்கி, ரோட்டோரக் கல்லில் ஏறி நின்று, காட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான். வீட்டு வாசலில் நின்ற சின்னத்தாயிக்குக் கேட்டது. காட்டில் மண்வெட்டியோடு நின்றவருக்குக் கேட்காமல் போகுமா? அவளும் எதிர்க்குரல் வரும் வரும் என்று நின்றாள். லாரி போயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தார், பையன் ஏறிக்கொண்டான், பஸ்ஸும் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் ஊருக்கு வரவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை, பஸ் நிறுத்தத்தில் சிக்னல் எடுக்கிற இடத்தில் நின்று அவள் பேசுவாள். அவனும் அப்பாவைக் கேட்க மாட்டான், அவளும் சொல்ல மாட்டாள். சாயங்காலப் பஸ் வளைவில் திரும்பும்போது மட்டும் நல்லசாமி கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பார். பஸ் மறைந்ததும் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுக் குனிந்துகொள்வார். இதைச் சின்னத்தாயி பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்கையில் அவள் தூக்குச்சட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, அவருடைய குல்லாவையும் தன் ஸ்வெட்டரையும் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். பூண்டுத் தாள் பழுத்து மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. சோலையின் ஓரத்தில் நாலைந்து கறுப்பு முதுகுகள் தெரிந்தன. குழாய் ஸ்பீக்கரில் விவசாய ஆபீசர் உருளைக்கிழங்கு நோயைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, எங்குல்லாவ நீ மாட்டிருக்க?"

"குளுருச்சு. நானும் இங்கனதான் சாப்புடப் போறேன்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"வீட்டுல என்ன கெடக்கு, எவனும் தூக்கிட்டுப் போறதுக்கு?"

அவர் பரணின் விளிம்பில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவள் சட்டியைத் திறக்கவில்லை.

"மணியாச்சு. அத மாத்துங்க."

"எத?"

"தெரியாதது மாதிரி கேக்காதீங்க."

"அங்க பாரு, நிக்கிறத. இன்னைக்கு எறங்கும். நாளைக்குப் புடுங்குற பூண்டு. இன்னைக்குப் போயிப் பாட்டப் போட்டா..."

"மிதிக்கட்டும்."

நல்லசாமி திரும்பிப் பார்த்தார். காட்டுக்காரன் பெண்டாட்டி வாயில் வருகிற சொல்லா அது?

"என்ன சொன்ன?"

"மிதிக்கட்டும்னு சொன்னேன். ஒரு நாளு மிதிச்சுட்டுப் போகட்டும். எம் புள்ள கொரல நாடே கேக்கப் போகுது, பெத்தவ நான் கெழங்கு அழுகலக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமாக்கும்?"

"போன்ல பேசுறேல்ல."

"போன்ல என்னத்தப் பேசுறேன்? சாப்புட்டியா, சாப்புட்டேன். ஒடம்புக்கு எப்பிடி, நல்லாருக்கு. அது ஒரு பேச்சா? அடுப்படில வரக்காப்பி காய்ச்சுறப்ப பின்னாடி நின்னு முணுமுணுன்னு பாடிக்கிட்டே இருப்பான். போடா அங்கிட்டுன்னு வெரட்டுவேன். இப்ப அந்த அடுப்படில பாத்திரஞ் சத்தந்தான் கேக்குது. எனக்கு அவன் வேணும்ங்க. அவன் கொரலாச்சும் வேணும்."

அவர் சோலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி நீங்க ஒரு எதிர்க்கொரல் குடுத்துருந்தா அவன் அந்தக் கல்லுல இருந்தே திரும்பி வந்துருப்பான்."

"வெடிஞ்ச பொறவு கொரல் குடுக்குற மொற கெடையாது" என்றார் நல்லசாமி. இரண்டு வருசமாக இந்தப் பதிலைத் தயாராக வைத்திருந்தார் போல. சொன்ன பிறகு அது அவருக்கே ருசிக்கவில்லை.

"மொற! மூஞ்சி பாக்காத சின்னக்கருப்பனுக்கு ராத்திரிக்கு ராத்திரி குடுப்பீங்க. பெத்த புள்ளைக்கு மொற பாத்தீகளாக்கும்."

அவள் எழுந்து, கம்பத்தில் கட்டியிருந்த ரேடியோவின் குமிழைப் பிடித்துத் திருகினாள். ஆபீசர் பாதிப் பேச்சில் போனார். கரகரவென்று இரைந்தது, எங்கேயோ ஒரு விளம்பரம் வந்தது, மறுபடி இரைச்சல். எங்கே நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. கண் நிறைந்து முள்ளும் தெரியாமல் போயிற்று.

"ஏ, இந்தா. அம்புட்டு வெரசாத் திருப்புனா எப்பிடி நிக்கும்? மெல்லத் திருப்பு" என்றார் நல்லசாமி, திரும்பாமலே.

மெல்லத் திருப்பினாள். இந்திப் பேச்சு வந்து நின்றது.

ஒருத்தர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பிறகு ஒரு பாட்டு, டிரம்ஸ் இடி இடித்தது. சோலை ஓரத்துக் கறுப்பு முதுகுகள் தலை தூக்கின. நல்லசாமி கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி இந்தி. அப்புறம் ஒரு பெண் குரல், என்ன பாஷையோ, புல்லாங்குழல் மாதிரி ஏதோ ஒன்று கூடவே வந்தது.

"இது எந்த ஊருக்காரப் புள்ளையோ" என்றார் அவர், கேட்டதுக்கு அடையாளமாக.

"எந்த ஊரோ. அவ ஆத்தாளும் எங்கனயோ உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருப்பா."

மேகம் இறங்கி வளைவை மறைத்தது. சாயங்காலப் பஸ் வெளிச்சம் மட்டும் அதற்குள் மங்கலாகத் திரும்பிப் போயிற்று. அப்போதுதான் இந்திக்காரர் பேச்சுக்கு நடுவே 'கொடைக்கானல்' என்றார். சின்னத்தாயி நல்லசாமியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கிட்டார் ஒற்றைக் கம்பியில் நடந்து வந்தது. ஜெரால்டு. பிறகு எதுவும் இல்லாமல் நின்றது. நின்ற இடத்தில் பிரசாந்து குரல் கொடுத்தான்.

பாட்டு இல்லை. காவல் குரல், நல்லசாமி வீட்டுக் குரல், இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் உடைகிற அதே குரல். குழாய் ஸ்பீக்கர் வழியாகப் புறப்பட்டு, பூண்டுக்காட்டைத் தாண்டி, ஓடையைத் தாண்டிப் போயிற்று. பின்னால் ஒரு வாத்தியமும் இல்லை. ஒரு குரல் வளைவில் இருந்து காட்டுக்கு வந்து திரும்புகிற அளவுக்கு நேரம் சும்மா விட்டிருந்தான். டெல்லியில் கேட்டவர்களுக்கு ரேடியோ நின்றுபோனதோ என்றுகூட இருந்திருக்கும்.

நல்லசாமி வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மா இருந்த நேரத்துக்குள், ஓடைக்கு அப்பாலிருந்து சின்னக்கருப்பனின் எதிர்க்குரல் கணீரென்று வந்தது. அவனுக்கு ரேடியோ என்று எப்படித் தெரியும்? நல்லசாமி காட்டில் இருந்து குரல் வந்தது, முறைக்குக் கொடுத்தான்.

ஆனால் பாட்டில் முடிப்பு வரவில்லை. 'ஹோ, ஹோ' இல்லாமலே கிட்டார் மறுபடி நடக்கத் தொடங்கியது. பிரசாந்து பாடினான்.

வளைவுல பஸ்சு நின்னுச்சு
வாய் தொறந்து நான் கூப்புட்டேன்
எதிர்க்காட்டுல நிக்கிறது யாரு
எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும்

சின்னத்தாயி அழுதாள். மகன் குரல் கொஞ்சம் கனத்திருந்தது, நல்ல சளி பிடித்த மாதிரியும் இருந்தது, கஷாயம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் அங்கே? நல்லசாமி எழுந்து நின்றிருந்தார். கம்பு மடியில் இருந்து கீழே விழுந்ததை எடுக்கவில்லை. மாடு நாலு எட்டு இறங்கி வரப்புக்கு வந்திருந்தது, அதையும் பார்க்கவில்லை.

மாடு வந்தா வெரட்டத் தெரியும்
மகன் வந்தா என்ன செய்வீக

டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஏறிப் போய், ஒரு இடத்தில் எல்லாம் ஒன்றாக அறுந்து நின்றது. இரண்டாம் தரம் குரல் வந்தது. முதலில் கொடுத்ததைவிட நீளம்.

"குடுங்க" என்றாள் சின்னத்தாயி. "ஏங்க, குடுங்க."

நல்லசாமி பரண் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வளைவு இருக்கும் பக்கம் மேகத்தைப் பார்த்துத் திரும்பினார். அடிவயிற்றில் இருந்து எடுத்து எதிர்க்குரல் கொடுத்தார். இரண்டு வருசம் தொண்டையில் கிடந்த குரல், முதலில் கரகரத்து, பிறகு தெளிந்து, நீண்டு போய் உடைந்தது. வரப்பில் நின்ற மாடுகள் திரும்பிச் சோலைக்குள் ஓடின.

அவர் குரல் அடங்கிய இடத்தில் ரேடியோ சொன்னது:

"ஹோ. ஹோ."

பாட்டு அதோடு முடிந்துவிட்டது. இந்திக்காரர் வந்து ஏதோ சொல்லிச் சிரித்தார், மறுபடி 'கொடைக்கானல்' என்றார். அவர் பேச்சைக் கேட்கிற நிலையில் பரணில் யாரும் இல்லை. நல்லசாமி கம்பத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். அழுகிறாரா என்று எட்டிப் பார்க்கச் சின்னத்தாயிக்கு மனம் வரவில்லை. தலையில் இருந்த குல்லாவைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டாள்.

"அவனுக்குக் கேட்டுருக்குமா?" என்றார்.

"ரேடியோவுல எப்பிடிங்க கேக்கும்?"

"அப்பறம் எப்பிடி முடிப்புக் குடுத்தான்?"

"குடுப்பீங்கன்னு நெனச்சிருப்பான்" என்றாள்.

அவர் குனிந்து கீழே கிடந்த கம்பை எடுத்துக்கொண்டு, "நாளைக்குப் புடுங்குனாலும் கட்டுக் கட்ட ஆளு பத்தாது. வெள்ளனே போயி போனப் போடு. அவன வரச் சொல்லு" என்றார்.

ஓடைக்கு அப்பால் டார்ச் வெளிச்சம் ஒன்று அங்கும் இங்கும் தடவிக்கொண்டிருந்தது. ஒரே காட்டில் இருந்து குரலும் வந்து, எதிர்க்குரலும் வந்து, முடிப்பும் வந்தால் மனுசன் என்னதான் நினைப்பான்? கடைசியில் சின்னக்கருப்பன் பொறுக்கமாட்டாமல், தண்ணீர்த் தகராறையும் மறந்து, வாய்விட்டுக் கேட்டான்.

"ஏய்யா... மாடு எங்கிட்டுய்யா எறங்குது?"

நல்லசாமி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"மாடு இல்லய்யா... எம் மவென்!"

டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. பிறகு அந்தப் பக்கத்தில் இருந்து, முறைப்படி, எதிர்க்குரல் வந்தது.